பெருசைத் தூக்கிட்டா

சித்த நகந்துக்கிட்டீங்கன்னா இந்தப் பையை இப்படி வெச்சுக்குவனுங்க. லேப்டாப்பு உள்ள இருக்குது. மேல வெச்சாக் குலுங்கும், கீழ வெச்சா மிதிப்பாங்க. சரி, மடியிலயே வெச்சுக்கறேன். நீங்களும் சேலந்தானுங்களா? நல்லதாப் போச்சு. நான் சேலத்துல எறங்கி மெட்ராசுக்கு மாறணும். ரயில்ல இடமில்லைன்னுட்டாங்க. எங்க ஹெட் ஆபீசு அங்கதான். நாளைக்குக் காலைல முக்கியமான மீட்டிங்கு. பெருசைத் தூக்கற மீட்டிங்கு.

பெருசுன்னா என்னன்னு கேக்கறீங்க. சொல்றேன். முதல்லருந்து சொன்னாத்தான் வெளங்கும். அவிநாசியே இன்னும் தாண்டல, நேரம் கெடக்குது.

என் பேரு சென்னியப்பன். கோயமுத்தூர்ல ஒரு சாப்ட்வேர் கம்பெனி கிளைல டீம் லீடு. மில்லுங்க, சாயப்பட்டறைங்க, இவங்களுக்கு நூல் ஸ்டாக்கு, பில்லு, இதுக்கெல்லாம் புரோகிராம் எழுதிக் குடுக்கறது நாங்கதான். எனக்குக் கீழ மூணு பேரு. பவதாரணி, சிபி, ரிஸ்வான். மூணும் சின்னஞ்சிறுசுங்க. கெட்டிக்காரங்கதான், இல்லைன்னு சொல்லல. ஆனா அனுபவம்னு ஒண்ணு இருக்குதுல்லங்க.

முன்னெல்லாம் ஒரு சந்தேகம்னா நேரா என் டேபிளுக்குத்தான் வருவாங்க. சார், இது ஏன் ஓட மாட்டேங்குதும்பாங்க. நான் காப்பியைக் கீழ வெச்சுட்டு, கண்ணாடியைப் போட்டுட்டு, பொறுமையா ஆதியிலருந்து சொல்லுவேன். ஒரு சின்னக் கேள்விக்கு மத்தியானச் சாப்பாடு வரைக்கும் விளக்கம் குடுத்திருக்கறனுங்க. சிபி ஒருக்கா நின்னவாக்குலயே கண்ணை மூடிட்டான். அவ்வளவு கவனமாக் கேப்பான் அந்தப் பையன்.

அப்புறம் இந்த ஏஐ வந்துச்சுங்க. கோடுன்னா புரோகிராம் வரிங்க, அதை எழுதிக் குடுக்கற ஏஐ. நீங்க எங்கிட்டப் பேசற மாதிரி அதுகிட்ட டைப் அடிச்சாப் போதும், அது எழுதிக் குடுத்துரும். தப்பிருந்தாத் திருத்திக் குடுத்துரும். எத்தனை தடவை கேட்டாலும் சலிச்சுக்காது. கம்பெனியே எல்லாத்துக்கும் வாங்கிக் குடுத்துச்சு. அன்னைலருந்து என் டேபிளுக்கு ஒருத்தரும் வர்றதில்லை. ஒருத்தருமுங்க. காப்பியைச் சூடாவே குடிச்சு முடிக்கறேன். உங்களுக்கு அது ஒரு கஷ்டமாத் தெரியாது. எனக்கு மனசுக்கு நெம்பக் கஷ்டமா இருந்துச்சு. கொஞ்சம் பயமாவும் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

அப்படி என்னத்தத்தான் அதுகிட்டக் கேக்கறாங்க? எங்கிட்டக் கேக்காம அதுகிட்டக் கேக்கறதுக்கு அப்படி என்ன இருக்குது? அது ஒண்ணைத் தெரிஞ்சுக்கணும்னு எனக்கு. சோத்துல கை வெச்சாலும் அதே நெனப்பு.

அந்தச் சமயம் பாத்து ஹெட் ஆபீஸ்லருந்து ஜெரால்டு சார் போன் பண்ணினாரு. எங்களுக்கெல்லாம் மேல அவருதான். என்னை விட வயசு கம்மி, ஆனா மரியாதை தெரிஞ்ச மனுசன். ஏஐ வந்ததுக்கு அப்புறம் கோயமுத்தூருக்கு நாலு பேரு அதிகம்னு மேல நெனைக்கறாங்க, ஒரு இடத்தைக் குறைச்சாகணும், யாருன்னு நீங்களே அலசிப் பாத்து எழுதி அனுப்புங்க, ஆனா காரணம் ஆதாரத்தோட இருக்கணும்னாரு. நாலு பேருன்னாரு பாருங்க. ஒரு மரியாதைக்கு என்னையும் சேத்து எண்ணியிருக்காரு.

என் மனசுல ஒரு பேரு இருந்துச்சுங்க, மறைக்கறதுக்கென்ன. பவதாரணி. ஆறு மணி ஆனா டப்பாவைக் கழுவிப் பையில போட்டுட்டுக் கெளம்பிரும். மீட்டிங்ல நான் ஒண்ணு சொன்னா, "சார், இதை வேற மாதிரிப் பண்ணலாமா"ன்னு கேக்கும். கடைசில அது சொன்ன மாதிரிதான் பண்ணுவோம், அது வேற விசயம். ஆனா கேக்கற நேரம் காலம்னு ஒண்ணு இருக்குதுல்ல.

அதுக்காக எடுத்த எடுப்புல ஒரு புள்ளையோட பொழைப்புல மண்ணைப் போடறவன் நானில்லைங்க. போன வருசம் அந்தப் புள்ளையோட அப்பாவுக்கு ஆபரேசன். லீவெல்லாம் தீந்துருச்சு. நீ போய் அப்பனைப் பாரு சாமி, உன் வேலையை நான் பாத்துக்கறேன், ஆபீசுக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம்னு அனுப்பி வெச்சேன். அத்தனை நாளும் அது எழுத வேண்டிய கோடை நானே உக்காந்து எழுதினேன். திரும்பி வந்து நான் எழுதி வெச்சிருந்ததைப் பாத்துச்சு பாருங்க, கண்ணுல பொலபொலன்னு தண்ணி. அவ்வளவு நன்றி. அப்புறம் எதுக்கோ அத்தனையும் அழிச்சுட்டு முதல்லருந்து எழுதுச்சு. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு அடுத்தவங்க பண்ணினதை அப்படியே வெச்சுக்கற பழக்கம் கெடையாதுங்க.

சரி, ஆதாரம் வேணும். அப்பத்தான் லாக் ஞாபகம் வந்துச்சு. லாக்குன்னா கதவைப் பூட்டற லாக் இல்லைங்க. நீங்க அந்த ஏஐகிட்டப் பேசறீங்கல்ல, அந்தப் பேச்சு ஒரு வரி விடாம கம்ப்யூட்டர்ல பதிவாகிக் கெடக்கும். அதுக்குப் பேரு லாக்கு. அதையெல்லாம் வாரிக் கொண்டாந்து, எதைப் பத்தி ஜாஸ்தியாப் பேசியிருக்காங்க, எந்த எடத்துல வேலை மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு தலைப்புத் தலைப்பாப் பிரிச்சுச் சொல்றதுக்கு ஒரு டூல் இருக்குது. அதை ஆபீஸ்ல நிறுவறதுன்னு முடிவு பண்ணினேன். யார் தயவும் இல்லாம, நானே.

முதல் நாளே எர்ரர். ரிஸ்வானைக் கூப்பிட்டேன், அவன் ஒண்ணைச் சரி பண்ணிக் குடுத்தான். அப்புறம் லாக்கு எங்க இருக்குதுன்னே டூலுக்குத் தெரியல. சிபி வந்து எடத்தைக் காட்டிக் குடுத்தான். அப்பவும் ஓடல. கடைசில பவதாரணி வந்து என் நாற்காலில உக்காந்து ஓட வெச்சுக் குடுத்துச்சு. ஆனா யோசனை என்னோடதுங்க.

ஓட வெக்கறதுக்கு முன்னால அந்தப் புள்ள ஒண்ணு கேட்டுச்சு. எல்லாரோட லாக்கும் போகுமா சார்னு. என்னோடதைத் தவிர எல்லாமும் போகும்னேன். மேற்பார்வை பண்றவனையே மேற்பார்வை பண்ணினா அப்புறம் அது என்ன மேற்பார்வை? அது சிபியைப் பாத்துச்சு, சிபி ரிஸ்வானைப் பாத்தான். நாங்க அதுல கொஞ்சம் சாதாரணமாப் பேசியிருப்போம் சார்னு இழுத்துச்சு. பேசுங்க சாமி, உங்க பேச்சை நான் படிக்கப் போறதில்லை, டூலுதான் படிக்கும், அதுக்குத் தமிழே தெரியாதுன்னேன். இங்கிலீஷ் எழுத்துலதாங்க தமிழை அடிப்பாங்க இவங்க. டூலு அதை எழுத்துக் கூட்டி எண்ணும், அவ்வளவுதான். மொழி தெரியாத நடுவர் மாதிரி. பாரபட்சத்துக்கே வழியில்லை.

மறுநாள் முடிவு வந்துச்சு. படம் போட்டுக் காட்டுதுங்க. பில்லு, ஸ்டாக்கு, வரி, எல்லாம் குட்டிக் குட்டிக் கட்டமா நிக்குது. ஒரே ஒரு கட்டம் மட்டும் வீட்டு உத்தரம் மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது. அதுக்கு டூலே பேரு வெச்சிருக்குது, பெருசுன்னு.

இவங்க அந்த ஏஐகிட்டப் பேசினதுல பாதிக்கு மேல பெருசைப் பத்தித்தானுங்க. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. எங்க கிளைல பெருசுன்னு ஒரு புரோகிராம் இருக்கறதே எனக்குத் தெரியாது. டீம் லீடு நானு, எனக்கே தெரியாம இத்தனை நாள் ஒண்ணு உள்ள ஓடிக்கிட்டிருந்திருக்குது.

படிக்க மாட்டேன்னு சொன்னேன், நெசந்தான். ஆனா இதுக்கு மேல எப்படிங்க படிக்காம இருக்கறது? தொறந்து பாத்தேன்.

"பெருசு நேத்துச் சொன்னதை இன்னைக்கு மாத்திருச்சு, எல்லாத்தையும் பழையபடி ஆக்கு." இது ரிஸ்வான். "பெருசுக்குப் புரியற மாதிரி ரெண்டே வரில எழுது. போன தடவை நாலு வரி எழுதினே, அதுக்குப் புரியல." இது சிபி. "பெருசு கை வெச்சதுல பில்லு மொத்தமும் உடைஞ்சுருச்சு. அதுக்குத் தெரியாமச் சரி பண்ணணும், தெரிஞ்சா மனசு நோகும்." இது பவதாரணி. இன்னும் இருக்குதுங்க. பெருசு வருது, சீக்கிரம் முடி. பெருசு பக்கத்துலயே நிக்குது, சும்மா ஏதாச்சும் ஓட விடு.

என்னமோ சொல்ல வர்றீங்க. இருங்க, முடிச்சர்றேன். நீங்க கேக்கப் போறது தெரியும். புரோகிராமுக்கு எப்படி மனசு நோகும்னுதான்? நாங்க அப்படித்தானுங்க பேசுவோம். வருது, கேக்குது, கத்துதுன்னு. சர்வர் நின்னு போச்சுன்னா சர்வர் படுத்துருச்சும்போம். வெளியாளுங்களுக்கு அது ஏதோ ஆளைச் சொல்ற மாதிரி இருக்கும். தொழில்ல இருக்கறவனுக்குத் தெரியும்.

வயசானவங்களையும் பெருசும்பாங்க, எனக்குத் தெரியாமயா? அதையும் யோசிச்சுப் பாத்துட்டேன். நான் ஒரு முடிவுக்கு வர்றதுக்கு முன்னால எல்லாக் கோணத்துலயும் பாக்கறவன். எங்க ஆபீஸ்ல வயசானவங்க யாருமே கெடையாதுங்க. எல்லாத்துக்கும் மூத்தவனே நான்தான். எனக்கே இப்பத்தான் அம்பது தாண்டுச்சு. அப்புறம் யாரைச் சொல்லுவாங்க? இந்தப் பஸ்ல ஏறும்போது கூட, பெருசு உள்ள தள்ளி வான்னு கண்டக்டர் சத்தம் போட்டாரு. யாரோ பெரியவரு நிக்கறாரு போல, வழி விடுவோம்னு திரும்பிப் பாத்தா, எனக்குப் பின்னால ஒருத்தருமில்லை. அந்தாளுக்குக் கண்ணு சரியில்லைன்னு நெனைக்கறேன்.

எங்க விட்டேன்? ஆங், டூலு. சும்மா எண்ணிச் சொல்றதோட விடாதுங்க, என்ன பண்ணலாம்னு யோசனையும் சொல்லும். தமிழே தெரியாதுன்னேன்ல, அரைகொறையாப் புரிஞ்சிருக்குது அதுக்கு. பெருசைப் பத்தி அது எழுதியிருந்தது எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு. இது ஒரு பழைய பாகம். என்ன வேணும்னு தெளிவாச் சொல்றதில்லை. ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேக்குது. இதைச் சமாளிக்கறதுலயே மத்தவங்க நேரம் போகுது. இது என்ன வேலை பண்ணுதுன்னு பதிவுல எங்கயும் இல்லை. எடுத்துட்டா வேலை வேகமாகும். அப்படின்னு பட்டுப் பட்டுன்னு எழுதியிருக்குது. எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. இந்தச் சனியனாலதான் அந்தப் புள்ளைங்க எங்கிட்ட வந்து உக்காந்து பேசக்கூட நேரமில்லாமத் திரிஞ்சிருக்குதுங்க.

அன்னைக்குச் சாயங்காலம் நான் ஜெரால்டு சாருக்கு எழுதிக்கிட்டிருக்கறேன், பவதாரணி வந்து நின்னுச்சு. ஆறு மணி தாண்டிருச்சு, கெளம்பல. பின்னாடி மத்த ரெண்டு பேரும் நிக்கறாங்க. ரொம்ப நாளைக்கப்புறம் மூணு பேரும் என் டேபிள்கிட்ட. எனக்குச் சந்தோசமாக்கூட இருந்துச்சு. காப்பியைக் கீழ வெச்சேன்.

"சார், அந்த ரிப்போர்ட்டை அனுப்பிட்டீங்களா?"

"எழுதிக்கிட்டே இருக்கறேன் சாமி."

"அதுல பெருசுன்னு வர்றதை மட்டும் எடுத்துரலாமா சார்?"

எனக்கு அப்பவே பொறி தட்டுச்சு. ஆதாரத்தை அழிக்கச் சொல்லுதுன்னு. ஏன் எடுக்கணும்னு கேட்டேன். பெருசுன்னா வந்து சார்னு ஆரம்பிச்சுச்சு. என் மூஞ்சியைப் பாத்துச்சு. சிபி தரையைப் பாக்கறான். ரிஸ்வான் போனை எடுத்துப் பாக்கறான், போன் அணைஞ்சு கெடக்குது. சரி, தப்புப் பண்ணின கூச்சம், நாமளும் விரட்டக் கூடாதுன்னு சும்மா இருந்தேன்.

அப்புறம் அந்தப் புள்ள சொன்னதைக் கேளுங்க.

"ஒரு ஆளைக் குறைக்கணும்னு எங்களுக்கும் தெரியும் சார். என் பேரை எழுதிக் குடுத்துருங்க. நான் வேற எங்கயாச்சும் பாத்துக்குவேன். பெருசைப் பத்தி மட்டும் ஒண்ணும் எழுதாதீங்க."

கண்ணு கலங்கியிருச்சுங்க அதுக்கு. நான் ஆடிப் போயிட்டேன். ஒரு புரோகிராமுக்காகத் தன் வேலையை விடறேங்குது. அதை எழுதினவங்களுக்கு அதுமேல ஒரு பாசம் இருக்கும், எனக்கும் இருந்திருக்குது. ஆனா இந்த அளவுக்கா? அங்கதாங்க என் மனசு மாறிச்சு. தப்பு இந்தப் புள்ளைமேல இல்லை, அது கெட்டிக்காரப் புள்ள. இதுங்களைப் புடிச்சு ஆட்டறது பெருசு. அதை எடுத்துட்டா மூணும் பொழைச்சுக்கும்.

அதனால பவதாரணி பேரை நான் எழுதலைங்க. யார் பேரையும் எழுதல. ஆளைக் குறைக்கத் தேவையே இல்லை, பெருசைக் குறைங்க, அதுல மிச்சமாகற நேரத்துல மூணு பேரும் இப்பப் பண்றதை விட ரெண்டு பங்கு பண்ணுவாங்க, இதுக்கு நான் பொறுப்புன்னு எழுதி, டூலு குடுத்த படத்தையும் சேத்து அனுப்பினேன். அந்த மூணு பேரு பொழைப்பையும் காப்பாத்தினது நானுங்க. அவங்களுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

வீட்டுக்காரிகிட்டச் சொன்னேன். ரசத்தை ஊத்திக்கிட்டிருந்தவ கரண்டியை அப்படியே புடிச்சுக்கிட்டு என்னையே பாத்தா. ஏனுங்க, கொஞ்சம் விசாரிச்சுட்டு அனுப்பியிருக்கலாம்லன்னா. அவளுக்குக் கம்ப்யூட்டரைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க.

ஜெரால்டு சார் படிச்சுட்டுப் போன் பண்ணினாரு. "சென்னியப்பன், பெருசுன்னா என்னன்னு டீம்ல கேட்டீங்களா?"ன்னாரு. கேக்கவே வேண்டியதில்லைங்க சார், அத்தனையும் லாக்குலயே இருக்குதுன்னேன். இதை நீங்களேதான் எழுதினீங்களான்னாரு. நானேதான், யார் உதவியும் இல்லைன்னேன். இதை மேல நெறையப் பேரு பாத்துட்டாங்க சென்னியப்பன், நல்லாவே எடுபட்டிருக்குதுன்னாரு. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. என்னை மாதிரி ஆளை இத்தனை நாள் கோயமுத்தூர்ல வெச்சு வீணடிச்சுட்டமேன்னு இருக்கும். லேப்டாப்பு, ஐடி கார்டு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு நேர்ல வாங்க, ஹெச்ஆர்ல இருந்தும் ஆள் வருவாங்க, உக்காந்து பேசலாம்னாரு. புது ஐடி கார்டு குடுக்கணும்னா பழசைக் கேக்கறது வழக்கந்தானுங்களே.

இத்தோட முடிஞ்சிருந்தாப் பரவால்லை. இன்னைக்குக் காலைல மறுபடியும் போன். பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். சென்னியப்பன், கெளம்பிட்டீங்களான்னாரு. கெளம்பிட்டேன் சார்னேன். உங்க டீம் மூணு பேரும் எனக்கு லெட்டர் எழுதியிருக்காங்கன்னாரு. என்னன்னு கேட்டா, பெருசு இல்லாம எங்களால இங்க வேலை செய்ய முடியாது, பெருசைத் தூக்கினா நாங்க மூணு பேரும் பேப்பர் போட்டுட்டு வேலையை விட்டுருவோம்னு எழுதியிருக்காங்களாம். பெருசு கொஞ்சம் இழுத்தடிக்கும்தான், ஆனா எங்களுக்கு ஒண்ணுன்னா முன்னால வந்து நிக்கும்னு எழுதியிருக்காங்களாம். புரோகிராமு முன்னால வந்து நிக்குமாம். கேட்டுக்கங்க.

ஜெரால்டு சார் இறங்கி வந்துட்டாருங்க. நல்ல மனுசன், யாரு அழுதாலும் எளகிருவாரு. ரிப்போர்ட்டை நீங்களே வாபஸ் வாங்கிக்கங்க, தப்பான படம் சேந்துருச்சுன்னு ஒரு வரி எழுதிப் போடுங்க, மீதியை நான் மேல பேசிக்கறேன், நீங்க மெட்ராஸ் வரவே வேண்டாம், பேசாம வீட்டுக்குப் போங்கன்னாரு. கெஞ்சாத குறைங்க.

நான் அவருக்குச் சொன்ன பதில் இதுதான். "சார், மூணு சின்னப் புள்ளைங்க பாசத்துல எழுதறாங்க. அதுக்காக நானும் பின்வாங்கினா அப்புறம் நான் எதுக்கு அந்த நாற்காலில? யாரு வேண்டாம்னாலும் பெருசு போயே ஆகணும். நேர்ல வந்து நானே கையெழுத்துப் போட்டுக் குடுக்கறேன்."

சரி வாங்கன்னு வெச்சுட்டாரு.

நீங்களும் என்னமோ சொல்லணும் சொல்லணும்னு வாயைத் தொறந்து தொறந்து மூடறீங்க. நீங்க என்ன சொன்னாலும் இதுல நான் மாறப் போறதில்லைங்க, வீணா எதுக்குச் சொல்லிக்கிட்டு. என் போனை எடுக்கச் சொல்றீங்களா? வேண்டாங்க, அணைச்சு வெச்சுட்டேன். பஸ் கெளம்பினதுலருந்து பவதாரணி விடாமக் கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சு. எடுத்தா அழுவும், அழுதா எனக்குத் தாங்காது. பாவம் அந்தப் புள்ள. நாளைக்கு ஒரு நாள் அழுவட்டும். பெருசு போயிருச்சுன்னா அப்புறம் ஒரு சந்தேகம் கிந்தேகம்னா என் டேபிளுக்குத்தானே வந்தாகணும்.